ரஃபுஷ் குஞ்சுக்குக் கொடுத்த வாக்கு

எங்கள் நாணல் கூடத்துக்கு அந்தக் கோடையில் வந்த விருந்தாளிகளில் என் காபியைக் குறை சொல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. காபியும் குடிக்கவில்லை.

நான் ஷ்னாவா. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூடத்தில் காபி காய்ச்சுகிறேன். நாணலை வளைத்துக் கட்டிய இந்தக் கூடம் எங்கள் குலம் முழுவதற்கும் பொது. வழக்கு, சமாதானம், பெண் கேட்பது, துக்கம் விசாரிப்பது எல்லாம் இங்கேதான். எதற்கு வந்தாலும் முதலில் என் கையால் ஒரு கிண்ணம் கசப்புக் காபி. குடித்துவிட்டு ஒருவன் ஏலக்காய் அதிகம் என்பான், அடுத்தவன் ஏலக்காயே இல்லை என்பான். இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றியிருப்பேன்.

அன்று சனிக்கிழமை. விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனேன். எங்கள் குடிதண்ணீர் ஜாடி மண்ஜாடி, எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அதன் அடியில் நனைந்த பாயில் ஏதோ அசைந்தது. கரப்பான் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஓங்கின கையோடு குனிந்து பார்த்தால் அதற்குக் கழுத்து இருந்தது. கரப்பானுக்கு ஏது கழுத்து?

ஆமைக் குஞ்சு. சாம்பல் பச்சை நிறம், முதுகெல்லாம் வெளிறிய பொட்டுகள். மற்ற வருடங்களில் சதுப்புத் தண்ணீர் கூடத்தின் வாசலை நக்கிக்கொண்டு நிற்கும். அந்த வருடம் வறட்சி. தண்ணீர் இருநூறு அடி பின்னால் போய்விட்டது, நடுவில் வெடித்த சேறு. எங்கோ கரையில் முட்டையை உடைத்து வெளியே வந்தது, ஈர வாடையைப் பிடித்துக்கொண்டு தப்பான பக்கம் நடந்து என் ஜாடியை வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரம் நடந்து வந்ததைச் செருப்பால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. காபித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வைத்தேன்.

முதலில் வந்தவன் மிஸ்பான். எங்கள் ஊரில் மோட்டார் படகு வைத்திருக்கிற மூன்று பேரில் ஒருவன், அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஒருமுறையாவது சொல்லுகிறவன்.

"என்னய்யா ஷ்னாவா, காபிக்குத் தொட்டுக்க ஆமையா?"

"உனக்குப் பேரீச்சம்பழமே அதிகம். தள்ளி உக்காரு."

அவன் குஞ்சைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான். "நல்லா இருக்கே. பஸ்ராவுல கண்ணாடித் தொட்டியில இதெல்லாம் வளக்கிற ஆள் ஒருத்தனைத் தெரியும். நாளைக்கு அங்கதான் போறேன், எடுத்துட்டுப் போறேன்."

அப்போதுதான் ஸைஹூத் உள்ளே வந்தான். மிஸ்பானுக்குப் பங்காளி. இருவருக்கும் தாத்தா ஒருவர்தான், ஆனால் மிஸ்பான் வெள்ளை என்றால் ஸைஹூத் கருப்பு என்பான். சதுப்பில் அவனைவிட நல்ல வலைக்காரன் இல்லை. இடது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. அதைக் கடித்துக்கொண்டு போனது ரஃபுஷ்.

ரஃபுஷ் என்பது எங்கள் நீரில் இருக்கிற தோல் ஆமை, முதுகில் கெட்டி ஓடு கிடையாது. வளர்ந்தால் ரொட்டித் தட்டு அகலம், கன்னங்கரேலென்று இருக்கும். வலையில் மாட்டிய மீனைத் தின்று, வலையையும் கிழித்துவிட்டுப் போகும். அதைக் கண்ட இடத்தில் தோணித் துழாவுகோலால் அடிப்பது எங்கள் மீனவர்களின் வழக்கம். ஸைஹூத் பதினேழு அடித்திருக்கிறான். விரல் போனதிலிருந்து எண்ணிக்கை வைத்திருக்கிறான்.

"வை கீழ," என்றான் மிஸ்பானிடம்.

"ஏன்? உன் வீட்டுப் பொண்ணா?"

"கூடத்துக்குள்ள வந்தது நம்மகிட்ட அடைக்கலம் வந்தது. அடைக்கலம் வந்தவனைப் பஸ்ராவுக்கு விக்கிற குலமா நாம?"

"ஆமை எப்பய்யா அடைக்கலம் கேட்டுச்சு?"

"அதுக்கு வாய் இருந்தா கேட்டிருக்கும். உனக்கு இருக்கே, என்ன பிரயோஜனம்?"

அதற்குள் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்பானுக்குக் காது சிவந்துவிட்டது.

"அப்ப இதுக்கு நீ பொறுப்பா? எல்லார் முன்னாடியும் சொல்லு பாப்போம்."

"நான் பொறுப்பு. அப்பாஸ் மேல ஆணை. இது என் முகத்துல இருக்கு. இதைத் தொட்டவன் என்னைத் தொட்டவன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் 'என் முகத்தில்' என்று எங்கள் ஆள் சொல்லிவிட்டால் அவன் மானமே அதற்கு ஈடு. போதாதற்கு எங்கள் மகான் அப்பாஸ் மேல் ஆணை வேறு. கடவுள் பெயரைச் சொல்லிக்கூடப் பொய் சொல்கிறவன் எங்கள் பக்கம் உண்டு, அப்பாஸ் பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்து நஷ்மியா அக்கா வாசலில் வந்து நின்றாள். ஸைஹூதின் மூத்த சகோதரி. பதினோரு எருமைகளைத் தனியாக மேய்க்கிறவள், தினமும் கூடத்துக்குப் பாலும் ஏடும் கொண்டு வருகிறவள். பாத்திரத்தை இறக்கிவிட்டுத் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க கெடச்சுது?"

"ஜாடிக்கு அடியில," என்றேன். "சாதா ஆமைக் குஞ்சுக்கா. புள்ளி இருக்கு பாரு."

"புள்ளியைப் பாத்தியே, மத்ததைப் பாத்தியா? எங்க, ஓட்டை விரலால அமுக்கு."

அமுக்கினேன். ஓரத்தில் நனைந்த செருப்புத் தோலைப் போல மெத்தென்று உள்ளே போனது. விரலை வெடுக்கென்று எடுத்தேன்.

"நகம் எண்ணு."

எண்ணினேன். ஒரு காலுக்கு மூன்று. நாலு காலுக்கும் மூன்று மூன்றுதான்.

"சாதா ஆமைக்கு முன்னங்கால்ல அஞ்சு இருக்கும். கழுத்துல மஞ்சக் கோடு போகும், இதுக்கு எங்க போகுது? மூக்கைப் பாரு, குழாய் மாதிரி. இத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்கீங்க, எல்லாருக்கும் கண்ணு முதுகுலயா இருக்கு? இது ரஃபுஷ்டா."

சொன்னது விளங்கியதுபோலக் குஞ்சு கழுத்தை நீட்டியது. நீட்டியது, இன்னும் நீட்டியது, உடம்பளவுக்குக் கழுத்தும் வந்து நின்றது. சந்தேகமே இல்லை. பெரிய ரஃபுஷ் பார்க்காதவன் அங்கே கிடையாது. குஞ்சைப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை. சின்னதில் அதற்குப் புள்ளி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் ஸைஹூதைப் பார்த்தேன். முகத்தில் ஈ ஆடவில்லை. காபி போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டும், ஆட்டாதவரை நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். அன்று ஸைஹூத் ஐந்து கிண்ணம் குடித்தான். ஆட்ட வேண்டும் என்பதே அவனுக்கு நினைவில்லை.

மிஸ்பானுக்கு அன்றுதான் பெருநாள். தன் செருப்பைக் கழற்றி மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். "இந்தா பங்காளி. பதினெட்டாவது. இல்ல, அப்பாஸ் மேல வச்ச ஆணை சும்மாதான்னு சொல்லிடு, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஸைஹூத் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "விருந்தாளிக்கு உள்ள கெடு இதுக்கும். மூணு நாளும் மூணுல ஒரு பங்கும். அதுவரைக்கும் இது என் முகத்துல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அது யாரோ, நான் யாரோ."

"கெடு முடியிறப்ப பத்திரமான எடத்துல கொண்டு போய் விட்டுட்டு வரணும்," என்றாள் நஷ்மியா அக்கா. "அதையும் சேத்துச் சொல்லு."

"அதையும்தான்," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கெடு எப்போது முடிகிறது என்பதிலும் சண்டை வந்தது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பகலில் மட்டுமா, இரவையும் சேர்த்தா என்று மிஸ்பான் வக்கீல் மாதிரி வாதாடினான். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி என்று நான் முடித்து வைத்தேன். கண்டெடுத்தவன் நான், எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

ஒரு ரஃபுஷ் குஞ்சை மூன்று நாள் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று உலகத்தில் யாரைக் கேட்பது? எங்களுக்கு அதை அடிக்கத்தான் தெரியும். அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்தோம். அரை மணி நேரத்தில் தண்ணீர் கைவைக்க முடியாமல் சுட்டது. நஷ்மியா அக்கா வந்து, "கொழம்பு வைக்கிறீங்களா?" என்று கத்திவிட்டு, அகல வாய் மண்சட்டி ஒன்றில் நாலு விரல் சேறும் அதற்கு மேல் மூன்று விரல் தண்ணீரும் நிரப்பி நிழலில் வைத்தாள். குஞ்சை விட்டதும் அது தலைகீழாகச் சேற்றுக்குள் நுழைந்தது. இரண்டு உதறு, ஆளைக் காணோம்.

ஸைஹூத் சட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பொறுப்பு அவனுடையது, செத்தால் பழியும் அவனுக்குத்தான். ஒரு சிகரெட் முடிந்தது, குஞ்சு வரவில்லை. இரண்டாவது முடிந்தது.

"ஷ்னாவா, செத்துப் போச்சுடா."

"இருக்கும். எனக்கென்ன தெரியும்?"

"உள்ளயே மூச்சு முட்டிப் போச்சு. ஊர் என்ன சொல்லும்? சட்டியில போட்டு அமுக்கிட்டான்னு சொல்லுமே!"

அவன் கையை விட்டுத் துழாவப் போகும்போது, சேற்றிலிருந்து ஒரு கழுத்து மட்டும் எழும்பி வந்து, தண்ணீருக்கு மேல் சீரகம் அளவு மூக்கை நீட்டியது. ஒரு மூச்சு இழுத்தது. திரும்பப் போய்விட்டது. உடம்பை அசைக்கவே இல்லை.

"பாத்தியா!" என்று கத்தினான் ஸைஹூத், தானே செய்து காட்டிய மாதிரி. அதன் பிறகு மிஸ்பானின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கி மூச்சுக்கு மூச்சு நேரம் பார்த்தான். இழவு வீட்டில் கூட இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காராத ஆள்.

ரொட்டி போட்டோம், தொடவில்லை. பேரீச்சம்பழம், எருமை ஏடு எதையும் சட்டை செய்யவில்லை. ஞாயிறு காலை ஸைஹூத் முழங்கால் அளவுச் சேற்றில் இறங்கி, கொசுவலைத் துணியால் பொடி இறால் அரித்துக்கொண்டு வந்தான். ஒன்றைச் சட்டியில் விட்டான். சேற்றுக்குள்ளிருந்து கழுத்து பாய்ந்த வேகத்தில் நாங்கள் இருவருமே பின்னால் சாய்ந்தோம். இறால் போன இடம் தெரியவில்லை. ஸைஹூத் தன் குறைவிரலைப் பார்த்தான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திங்கள் மாலை அவன் என்னிடம் கேட்டான். "நான் அடிச்ச பதினேழும் இவ்ளோதான் இருந்திருக்கும், இல்ல? ஒரு காலத்துல."

"எல்லாமே ஒரு காலத்துல இவ்ளோதான்."

"எனக்கு அதுங்க மூஞ்சியே தெரியாது ஷ்னாவா. வலையில வரும்போது கோவமாத்தான் வரும். நானும் கோவமாத்தான் இருப்பேன்."

காபி ஊற்றினேன். இந்த முறை ஒழுங்காக ஆட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை, எங்கே கொண்டு போய் விடுவது என்ற பேச்சு வந்தது. நஷ்மியா அக்கா எருமைகளோடு சதுப்பு முழுக்க நடக்கிறவள், விரல் மடக்கிச் சொன்னாள். வடக்கே தண்ணீர் உப்பேறிவிட்டது, எருமையே குடிப்பதில்லை. கிழக்கே மின்சாரம் விட்டு மீன் பிடிக்கிற கூட்டம், அங்கே புழுகூட மிஞ்சாது. மேற்கு வாய்க்கால் மிஸ்பானுடைய நீர், அவனிடம் போய்க் கேட்பதாவது? மிச்சம் இருப்பது மடு ஒன்றுதான். எந்த வறட்சியிலும் வற்றாத ஆழம், நல்ல தண்ணீர், கரையெல்லாம் மெத்தென்ற சேறு.

"மடுவுல விடு," என்றாள். சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மடு ஸைஹூதின் நீர். அவன் வலைகள் நான்கும் அங்கேதான் கிடந்தன. யார் நீரில் யார் வலை போடுவது என்பது எங்கள் ஊரில் தாத்தாக்கள் காலத்தில் பேசி முடித்தது. கேட்காமல் அடுத்தவன் நீரில் வலை போட்டால் தலைமுறைக்கும் பகை. அந்த வருடம் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததே மடுவின் கெண்டை மீனால்தான்.

பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். ஸைஹூத் கோல் ஊன்றித் தோணி தள்ளினான், நான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னாலேயே மிஸ்பான் மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். வாக்கு நிறைவேறுகிறதா என்று பார்க்கச் சாட்சி வேண்டுமாம்.

வலை மிதவைகள் தெரிந்ததும் ஸைஹூத் கோலை நிறுத்தினான். பிறகு என்மேல் பாய்ந்தான்.

"நீ ஏன்டா அன்னிக்கே செருப்பால அடிக்கல? கரப்பான்னு நெனச்சே இல்ல? அடிச்சுத் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

"அதுக்குக் கழுத்து இருந்துச்சு," என்றேன்.

"பத்திரமான எடத்துல விடணும்னா யார்கிட்ட இருந்து பத்திரம்? இங்க இதுக்கு வேற எதிரி யாரு இருக்கா? நான்தான் இருக்கேன்."

பின்னாலிருந்து மிஸ்பான் குரல் கொடுத்தான். "மணி ஒன்னு அஞ்சு, பங்காளி. கெடு முடிஞ்சுது. இனிமே உன் இஷ்டம்."

ஸைஹூத் சட்டிக்குள் கையை விட்டுக் குஞ்சை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினால் போதும், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கெடு முடிந்தது, மடுவரை கொண்டும் வந்துவிட்டான். குஞ்சு அவன் விரல் இடுக்கில் மூக்கை நுழைத்து வழி தேடிக்கொண்டிருந்தது.

அவன் தோணியிலிருந்து இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், நாணல் நிழலில் சேற்றின் மேல் கையைத் தாழ்த்தி விரித்தான். இரண்டு உதறு. ஆளைக் காணோம். சிறிது நேரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு சீரகம் தெரிந்து மறைந்தது.

திரும்பி வந்தவன் தோணியில் ஏறவில்லை. முதல் மிதவையைப் பிடித்து வலையை இழுக்க ஆரம்பித்தான்.

"என்ன பண்ற?" என்றேன். "உன் வாக்குதான் முடிஞ்சு போச்சே."

"விட்ட எடத்துல என் வலையே கெடந்தா, நான் அதைக் கொண்டு வந்து விட்டேனா, புடிச்சு வலையில போட்டேனா? பேசாம இழுடா."

நாலு வலையையும் இழுத்தோம். தோணி நிறைந்து விளிம்பு தண்ணீரைத் தொட்டது. ஸைஹூத் ஈர வலைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், வலையைப் போட இனி அவனுக்கு நீர் இல்லை. மடுவைப் பார்த்தான். வலையைப் பார்த்தான். ஐம்பது வயது ஆம்பிளை, வழி தப்பிய பிள்ளை மாதிரி விழித்தான்.

மிஸ்பான் மோட்டாரை அணைத்திருந்தான். கிண்டலாக ஏதாவது சொல்லப் போகிறான், சொன்னால் துழாவுகோலால் மண்டையில் போடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதற்குத் தேவை வரவில்லை.

ஸைஹூத் எழுந்தான். தலைத் துணியைச் சுற்றியிருந்த கருப்புக் கயிற்றைக் கழற்றினான். எங்களில் ஆம்பிளை அதைக் கழற்றி இன்னொருவன் முன் வைத்தால், அதற்குமேல் தாழ்வதற்கு இடமில்லை. மிஸ்பான் எது சொன்னாலும் மறுத்தே பத்து வருடம் ஓட்டியவன், கயிற்றை அவன் படகு விளிம்பில் வைத்தான்.

"மிஸ்பான். நான் உன்கிட்ட அடைக்கலம்."

மிஸ்பான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, படகு ஆட ஆட வந்து, கயிற்றை எடுத்துப் பங்காளியின் தலையில் தானே வைத்தான். கோணலாக வைத்தான்.

"மேற்கு வாய்க்கால்ல வடக்குப் பாதியில போட்டுக்க," என்றான். "ரஃபுஷ் வந்துச்சுன்னா என்னைக் கூப்பிடு, சேந்து வெரட்டுவோம். அடிக்க வேணாம்." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னான். "என் முகத்துல."

சொல்லிவிட்டு எங்கள் தோணியைத் தன் படகில் கட்டினான். மோட்டார் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில்தான் அது கிளம்பியது.